அடுக்கியது சரி, வெட்டியதுதான் தப்பு

என் பீரோவின் கீழ்த்தட்டில் எட்டு டப்பாக்கள் நிறையத் துணிச் சதுரங்கள் இருக்கின்றன. எண்ணிக்கை 6,000-க்கு மேல். எல்லாமே 2½ இஞ்ச். என் அம்மா கட்டிய நூல் சேலைகள் மூன்று அதற்குள் இருக்கின்றன. மூன்றில் ஒன்று, அப்பா காரைக்குடியில் நெசவுக்காரர் வீட்டிலேயே வாங்கிவந்த கண்டாங்கி. போன வருஷம் ஆடி மாதத்தில் ஆறே நாளில் அத்தனையையும் நானே வெட்டினேன். யாரும் கையைப் பிடித்து வெட்டச் சொல்லவில்லை. ஆனால் வெட்டத் தூண்டியவர்கள் இரண்டு பேர் உண்டு. அவர்களைப் பற்றியும் சொல்லத்தான் போகிறேன்.

துண்டுத்துணி சேர்த்துப் போர்வை தைக்கிற ஆசை இப்போது நிறையப் பேருக்கு வந்திருக்கிறது. குவில்ட் என்று சொல்கிறார்கள். உங்கள் வீட்டிலும் என் வீட்டைப் போலத்தான் இருக்கும்: கல்யாணம், சீமந்தம், நவராத்திரி என்று தாம்பூலத்தோடு வந்த ரவிக்கைத் துணி ஒரு மூட்டை, ஈரோட்டுச் சந்தையில் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய பிட்டுகள், மகள் பாவாடை தைத்ததில் மிஞ்சியது, கட்ட ஆளில்லாத அம்மாவின் சேலைகள். இதை என்ன செய்வது என்று தெரியாமல் பீரோவைத் திறந்து திறந்து மூடுகிறீர்கள். திறந்ததும் கத்திரியைத் தேடாதீர்கள். முதலில் அதைத்தான் சொல்ல வேண்டும்.

நடந்தது இதுதான். கோவையில் இரண்டு நாள் வகுப்பு ஒன்றுக்குப் போனேன். கட்டணம் கொஞ்சமில்லை. சொல்லிக்கொடுத்த அம்மணி கைத்திறமை உள்ளவர், அதை மறுக்க மாட்டேன். தையல் கால் இஞ்ச் பிசகாமல் ஓட்ட அவரிடம்தான் கற்றேன். ஆனால் துணியைப் பற்றி அவர் சொன்னது ஒரே வாக்கியம். வீட்டில் இருக்கிற எல்லாத் துணியையும் முதலில் 2½ இஞ்சாக வெட்டி டப்பாவில் போட்டுவிடுங்கள், வெட்டி வைத்தால்தான் தைப்பீர்கள் என்றார். நான் நோட்டில் அடிக்கோடு போட்டு எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கட்டிலில் கொட்டி அடுக்க ஆரம்பித்தேன். அந்த நேரம் பார்த்து நாத்தனார் வந்தார். ஆடிக்கு அழைத்திருந்தோம். வாசலில் நின்றபடியே, “என்னங்க அண்ணி, ஜவுளிக் கடை போட்ட மாதிரி இருக்குது? இத்தனையும் வச்சு என்ன பண்ணப் போறீங்க? அனாதை இல்லத்துக்காவது குடுத்தா புண்ணியமுங்க” என்றார். அவருடைய வீட்டில் மூன்று பீரோ நிறையப் பட்டு இருக்கிறது, அதை நான் ஒருநாளும் கேட்டதில்லை. அவர் ஊருக்குப் போன மறுநாள் காலை கட்டரைக் கையில் எடுத்தேன். அடுத்த தடவை அவர் வரும்போது கட்டிலில் ஒரு துணி இருக்கக் கூடாது, எல்லாம் டப்பாவுக்குள் வரிசையாக இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் மனதில் இருந்தது. ரோஷத்தில் வெட்டினேன். ஆறாம் நாள் கட்டில் காலியாக இருந்தது.

மகள் வேலைக்காக வெளிநாடு போக இருந்தாள். அவளுக்காகத்தான் ஒரு போர்வை தைக்க நினைத்தேன். அமுச்சி சேலையில் தைத்துக் கொடுங்கள் என்று அவளே கேட்டிருந்தாள். அமுச்சி என்று அவள் சொல்வது என் அம்மாவை. 400 சதுரங்களைத் தரையில் வரிக்கு இருபதாகப் பரப்பி வைத்து அவளைக் கூப்பிட்டேன். குனிந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“இதுல அமுச்சி கண்டாங்கி எங்கம்மா?”

அங்கே, இங்கே, அதோ அந்த மூலையில் என்று காட்டினேன்.

“அது சாதா அரக்குத் துணி மாதிரி இருக்கும்மா.”

அவள் சொன்னது சரி. கண்டாங்கி என்றால் பெரும்பாலும் கட்டம்தான். அந்தச் சேலையில் அரக்கு நிறத்தில் கடுகு மஞ்சள் கோடு ஓடும். கோட்டுக்குக் கோடு 4 இஞ்ச். 2½ இஞ்சாக வெட்டித் தைத்தால் வெளியே தெரிவது 2 இஞ்ச். நாலு இஞ்ச் கட்டத்துக்குள் 2 இஞ்ச் துண்டு எங்கே விழும்? நாலில் ஒரு துண்டு வெறும் அரக்கு. மிச்சத்தில் எங்கோ ஓர் ஓரத்தில் மஞ்சள் கோடு ஒன்று அறுந்து கிடக்கிறது. கையகலத்துக்கும் மேலே ஓடிய கரை, எதன் கரை என்றே தெரியாத துணுக்குகளாகிவிட்டது. தூரத்தில் வரும்போதே இன்னார் என்று அம்மாவை அடையாளம் காட்டிய சேலை அது. அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

வகுப்பெடுத்தவருக்குப் போன் பண்ணினேன். “அடுத்த தடவை சரியா வரும் மேடம்” என்றார். அம்மா சேலைக்கு அடுத்த தடவை ஏது?

இதற்குப் பிறகுதான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். முன்னாலேயே போட்டிருக்க வேண்டிய கணக்கு. ஒவ்வொரு துண்டிலும் நாலு பக்கமும் கால் இஞ்ச் தையலுக்குள் போகிறது. 10 இஞ்ச் சதுரம் என்றால் துணியில் நூற்றுக்குப் பத்துப் பங்குதான் உள்ளே மறையும். 5 இஞ்ச் என்றால் 19 பங்கு. 2½ இஞ்ச் சதுரத்திலோ 36 பங்கு போய்விடுகிறது. மூன்றில் ஒரு பங்குக்கும் மேலே போர்வையின் வயிற்றுக்குள் யாரும் பார்க்காத இடத்தில் கிடக்கும். கடையில் புதிதாக வாங்கும் துணியாக இருந்தால் காசோடு போச்சு. அம்மா சேலையில் மூன்றில் ஒரு பங்கை இப்படி மறைத்து வைக்க எனக்கு என்ன உரிமை இருக்கிறது?

அந்த 2½ இஞ்ச் கணக்கு பொய் என்று நான் சொல்லவில்லை. அது பிறந்த இடம் வேறு. அமெரிக்காவில் குவில்ட் தைப்பதற்கென்றே துணி அச்சடித்து விற்கிறார்கள். அகலம் 42 முதல் 44 இஞ்ச், கனம் ஏறக்குறைய ஒன்றுதான், பூக்களில் பெரும்பாலும் பொடிப்பூ. அதையே 2½ இஞ்ச் பட்டையாக வெட்டி, நாற்பது பட்டைக்குக் குறையாமல் சுருட்டி, ஜெல்லி ரோல் என்று விற்கிறார்கள். அந்தத் துணிக்கு அந்த அளவு பொருந்தும். நம் பீரோவில் இருப்பது அப்படியா? டூ பை டூ ரவிக்கைத் துணி வெங்காயத் தோல் மாதிரி இருக்கும், சென்னிமலைப் போர்வைத் துணி சாக்கு மாதிரி இருக்கும். சுங்குடியில் புள்ளி மிளகளவு, கண்டாங்கியில் கட்டம் உள்ளங்கையளவு. எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டு என்று சொல்பவர் நம் பீரோவைப் பார்த்ததில்லை.

அமெரிக்காவிலேயே வேறு வழியில் தைத்தவர்களும் உண்டு. மகள் எனக்கு ஒரு புத்தகம் வாங்கிக் கொடுத்தாள். அலபாமா மாநிலத்தில் ஆற்று வளைவில் ஜீஸ் பெண்ட் என்று ஓர் ஊர். அடிமைகளாக இருந்தவர்களின் வழிவந்த கறுப்பினப் பெண்கள் அங்கே தலைமுறை தலைமுறையாகப் போர்வை தைக்கிறார்கள். அவர்களில் மிசூரி பெட்வே என்பவர் 1942-இல், இறந்துபோன கணவரின் வேலைத்துணிகளை எடுத்து ஒரு போர்வை தைத்தார். அவர் நினைவாகப் போர்த்திக்கொள்வதற்காக. அதில் துண்டுகள் பெரிசு பெரிசாக இருக்கின்றன. வெயிலில் வெளுத்ததும் உழைப்பில் நைந்ததும் அப்படியே தெரிகிறது. அந்த ஊர்ப் பெண்களின் போர்வைகளை 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் மாட்டிக் காட்டினார்கள். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டு நான் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அந்த அம்மாள் வேலைத்துணியைத் துணுக்காக வெட்டியிருந்தால் அதில் அந்த மனிதர் இருந்திருக்க மாட்டார்.

அதனால் சொல்கிறேன்: அடுக்குகிற வேலை வேறு, வெட்டுகிற வேலை வேறு. இரண்டையும் ஒரே வாரத்தில் செய்யாதீர்கள். துணியை அடுக்கும்போது கத்திரி அந்த அறையிலேயே இருக்க வேண்டாம். இன்ன போர்வை, இன்னாருக்கு, இத்தனை இஞ்ச் என்று காகிதத்தில் எழுதாதவரை துணி முழுசாகவே இருக்கட்டும். பெரிய துணியை எப்போது வேண்டுமானாலும் சின்னதாக்கலாம். வெட்டிய துணி வளராது.

இப்போது நான் அடுக்குகிற விதத்தைச் சொல்கிறேன். எல்லோரும் நிறம் நிறமாக அடுக்கச் சொல்வார்கள். படம் எடுக்க அழகாக இருக்கும், தைக்க உதவாது. நான் முதலில் பிரிப்பது தண்ணீர் பட்டது, படாதது என்று. அம்மா சேலை நூறு தடவை துவைத்தது, இனிச் சுருங்காது. புது ரவிக்கைத் துணி இனிமேல்தான் சுருங்கப்போகிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்து, போர்வையைத் துவைத்தீர்களானால் ஒன்று இழுக்கும், ஒன்று உப்பும். எவ்வளவு சுருங்கும் என்பதைக் கையோடு பார்த்துவிடலாம். துணியில் 20 இஞ்சுக்கு நூலால் ஓர் அடையாளம் தைத்துவிட்டுத் துவையுங்கள். போர்வைக்கு அடிப்பக்கம் வைக்க வாங்கிய சென்னிமலைத் துணி என் கையில் ஒரு போக்கில் 18¾ இஞ்ச் ஆயிற்று, மறு போக்கில் கிட்டத்தட்ட அப்படியே நின்றது. கைத்தறிக்கு இது சகஜம். அதற்காகக் கைத்தறியை விடாதீர்கள். துவைத்துவிட்டு வெட்டுங்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, பருத்தியா இல்லையா. தாம்பூலத்தில் வந்ததில் பாதிக்கு மேல் பாலியெஸ்டர் கலந்தது. ஓரத்தில் நாலு நூலை உருவி இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் தெரிந்துவிடும். பருத்தி காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாக உதிரும். பாலியெஸ்டர் சுருண்டு உருகிக் கறுப்பு மணியாக இறுகும். அந்தத் துணிகளையும் திருப்பூர் பனியன் பிட்டுகளையும் மிதியடி தைக்கிற ஒரு பெண்ணுக்கு மூட்டையாகக் கொடுத்துவிட்டேன். பனியன் துணி இழுபடும், நெய்த துணியோடு சேராது.

மூன்றாவது கனம். கையால் தொட்டுப் பார்த்தால் போதும். மெல்லிசு, நடுத்தரம், தடி என்று மூன்று அடுக்கு. நிறம் கடைசியில், அதுவும் ஒவ்வோர் அடுக்குக்குள்ளே.

சாயம் போகிறதா என்பதையும் அடுக்கும்போதே பார்த்துவிடுங்கள். ஈரத் துணியின் மேல் வெள்ளைக் கைக்குட்டையை வைத்துச் சூடான இஸ்திரிப் பெட்டியால் அழுத்தினால் கைக்குட்டை சொல்லிவிடும். சிவப்பு, கருநீலம், புதுச் சுங்குடி மூன்றையும் கட்டாயம் சோதியுங்கள். கல்லுப்பில் ஊறவைத்தால் சாயம் நிற்கும் என்று அம்மா காலத்திலிருந்து சொல்கிறார்கள். நானும் ஊறவைத்துப் பார்த்தேன், நிற்கவில்லை. சாயம் ஏற்றும்போது உப்புக்கு வேலை உண்டு. ஏற்றி முடித்த துணியில் ஒட்டாமல் நிற்கும் சாயத்தை உப்பு பிடித்து வைக்காது. சூடான சோப்புத் தண்ணீரில் அலசி அலசி, தண்ணீர் தெளிகிறவரை வெளியேற்றுவது ஒன்றுதான் வழி. நாலைந்து அலசலுக்குப் பிறகும் தெளியாத துணியை வெள்ளைக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள்.

துவைக்கும் முன் பிட்டின் நாலு மூலையையும் சின்னதாகக் குறுக்கே நறுக்கிவிட்டால் நூல் பிரிந்து சிக்காது. நிழலில் காயப்போடுங்கள், மடியுங்கள், மூலையில் ஒரு முடிச்சு நூல் கட்டுங்கள். துவைத்தது என்று அதுதான் அடையாளம். பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் நின்று கரும்புள்ளி விழும். பழைய வேட்டியில் சுற்றி வசம்புத் துண்டு போட்டு வையுங்கள். வருஷம் இரண்டு தடவை மடிப்பை மாற்றுங்கள், இல்லாவிட்டால் மடிப்புக் கோட்டிலேயே இற்றுப்போகும். கஞ்சி போட்ட துணியை மட்டும் உள்ளே வைக்கவே கூடாது. பூச்சிக்கு அது விருந்து.

ஆனால் வெட்டுகிற அன்று கஞ்சி இல்லாமல் பழைய சேலையைத் தொடாதீர்கள். இதை யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. அப்பா வேட்டிக்கு அம்மா ஜவ்வரிசிக் கஞ்சி போட்டதை நினைத்துச் செய்தேன். நைந்த நூல் சேலை ஸ்கேலுக்கு அடியில் வழுக்கி வழுக்கி ஓடும். கெட்டியாகக் கஞ்சி போட்டு, அரை ஈரத்தில் தேய்த்தால் காகிதம் மாதிரி நிற்கும். அளவு மயிரிழை பிசகாது.

கத்திரியா, கட்டரா என்று கேட்பார்கள். ரோட்டரி கட்டர் என்பது சின்னச் சக்கரம் போன்ற பிளேடு. ஜப்பானில் ஓல்ஃபா கம்பெனி 1979-இல் கொண்டுவந்தது. 45 மில்லிமீட்டர் பிளேடு வாங்குங்கள், அதற்கான பாயும் கனமான ஸ்கேலும் சேர்த்து வாங்குங்கள். விலை அதிகம் என்று வீட்டில் முணுமுணுத்தார்கள். நான் வாங்கியது சரிதான். தப்பு செய்தது கட்டர் இல்லை. ஒரு தடவைக்கு நாலு மடிப்புக்கு மேல் அடுக்கி வெட்டாதீர்கள், கீழ் மடிப்பு நகர்ந்துவிடும். கீழே வைக்கிற ஒவ்வொரு தடவையும் பிளேடை மூடுங்கள். கைத்தறியில் முதல் ஓரத்தை வெட்டாமல் கிழியுங்கள், நூல் போக்கு நேராகத் தெரிந்துவிடும். அதைப் பிடித்துக்கொண்டு ஸ்கேல் வைத்தால் துண்டு கிராஸில் போகாது. சரிகைக் கரையைத் தள்ளிவிடுங்கள். ஊசியும் முறியும், போர்த்தினால் தோலையும் உறுத்தும்.

அளவை எப்படி முடிவு செய்வது? இதற்கு நான் கண்டுபிடித்த வழி ஒன்று இருக்கிறது, இந்த ஒன்றை மட்டுமாவது செய்யுங்கள். பழைய கல்யாணப் பத்திரிகை அட்டைகள் வீட்டில் கிடக்கும். பத்திரிகை சின்னதாக இருந்தால் காலண்டர் அட்டை. ஒன்றில் 2 இஞ்சுக்கு ஒரு சதுர ஓட்டை வெட்டுங்கள், ஒன்றில் 4, ஒன்றில் 6, ஒன்றில் 8. அது தைத்த பிறகு தெரியப்போகிற அளவு. ஒவ்வோர் அட்டையையும் துணிமேல் வைத்து நகர்த்திக்கொண்டே பாருங்கள். எந்த ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் இது இன்ன சேலை என்று சொல்ல முடிகிறதோ, அதுதான் அந்தத் துணியின் அளவு. அதோடு அரை இஞ்ச் சேர்த்து வெட்டுங்கள். சுங்குடிக்கு 2 இஞ்ச் ஜன்னலே போதும், புள்ளி நாலைந்து தெரிந்துவிடும். கண்டாங்கிக்கு 8-க்குக் கீழே பேச்சே இல்லை. ஐந்து நிமிஷ வேலை. அந்த ஐந்து நிமிஷம் ஆடி மாதத்தில் எனக்கு இல்லாமல் போயிற்று.

ஒரு வருஷம் தொடாத துணியைக் கொடுத்துவிட வேண்டும் என்று சொல்வார்கள். அதையும் கேட்காதீர்கள். உதவாத துணியை நான் கொடுத்துவிட்டேன், சொன்னேனே. மற்றதை வைத்திருப்பேன். மளிகைக் கடைக்காரரிடம் ஏன் இத்தனை பருப்பு என்று யாரும் கேட்பதில்லை. துணி தைக்கிறவளிடம் மட்டும் வருகிறவர் போகிறவர் எல்லாம் கேட்கிறார்கள். யாராவது வரப்போகிறார்கள் என்றால் அறைக் கதவைச் சாத்திவிட்டுக் காப்பி போடுங்கள்.

தை மாதம் கரூரில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். அம்மாவின் தையல் மெஷின் அங்கேதான் இருக்கிறது. அதன்மேல் தூசு படாமல் போர்த்தியிருந்த துணியைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். கண்டாங்கி. 5½ மீட்டர் சேலையில் என்னிடம் வந்தது 3½ மீட்டர்தான். மிச்சத்தை அம்மாவே கிழித்து மெஷினுக்குப் போர்த்தினாராம், அண்ணி அதைத் துவைத்துத் துவைத்து அதே இடத்தில் போட்டுவந்திருக்கிறார். அம்மாவின் நல்ல சேலையைக் கந்தலாக்கிவிட்டார் என்று அண்ணியை நான் மனதுக்குள் பல வருஷம் குறை சொல்லியிருக்கிறேன். அண்ணி கேட்காமலே மடித்துக் கையில் கொடுத்தார். “எடுத்துட்டுப் போங்க. மெஷினுக்கு நான் வேற போட்டுக்கறேன்” என்றார்.

கஞ்சி போட்டேன். மூன்று நாள் அட்டை வைத்துப் பார்த்தேன். 8½ இஞ்சில் பன்னிரண்டு சதுரங்கள் வெட்டினேன், அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. தைத்தால் 8 இஞ்ச், ஒவ்வொன்றிலும் கட்டம் முழுசாக நிற்கும். 8 என்று வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. டப்பாவில் கிடக்கும் சின்னச் சதுரங்கள் தைத்தால் 2 இஞ்ச், நாலு சேர்ந்தால் சரியாக எட்டு. குறுக்கே மூன்று, நெடுக்கே நாலு என்று கண்டாங்கி நடுவில், 24-க்கு 32 இஞ்ச். அதைச் சுற்றி டப்பாத் துணுக்குகள் வரிவரியாக. இரண்டு சுற்று முடிந்திருக்கிறது.

ஒரு சதுரத்தில் அம்மா இழை ஓட்டிய இடம் ஒன்று வந்திருக்கிறது. எதிலோ மாட்டிக் கிழிந்ததை அரக்கு நூல் கிடைக்காமல் சிவப்பு நூலால் இழுத்துத் தைத்திருக்கிறார். வெட்டும்போது அதைத் தள்ளிவிடலாமா என்று யோசித்து, பிறகு நடுவில் வரும்படி ஸ்கேலை நகர்த்தி வைத்தேன். மகளுக்கு வீடியோவில் காட்டியபோது அதைத்தான் முதலில் கேட்டாள்.

மிச்சம் ஒன்றே கால் மீட்டருக்கு மேல் இருக்கிறது. வேட்டியில் சுற்றி மேல்தட்டில் வைத்திருக்கிறேன். அதை என்ன செய்வது என்று இன்னும் காகிதத்தில் எழுதவில்லை.